மண்கோட்டைக்கு என்ன வர்ணம்?

தர்பார் சீன் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் பட்டறையில் யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் கொழுத்த தூண்கள், தூண் தலையில் இலைக்கொத்து, மேலே குஞ்சம் தொங்கும் சிவப்புத் திரை. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். அவை போகப்போகச் சிறுத்து நடுவில் இருக்கும் சிம்மாசனத்தில் போய் முடியும். அரிச்சந்திரன் அதில்தான் உட்கார்ந்தான். பாண்டியன் கோவலனைக் கொல்லச் சொன்னதும் அங்கேதான். வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகம் போட்டால் அதே படுதாதான் இறங்கும். கம்பெனிக்கு ஒரு தர்பார், ஒரு தெரு, ஒரு காடு, ஒரு நந்தவனம் இருந்தால் போதும். புராணம், சரித்திரம், சமூகம் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம்.

அந்தத் தூண்கள் தமிழ்நாட்டுத் தூண்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பெனிகள் வெள்ளைக்காரர்களின் நாடக மேடையைப் பார்த்துத் திரை எழுதின. அவை தெற்கே வந்தபோது நம் கம்பெனிகளும் அந்தத் திரைகளைப் பார்த்து எழுதிக்கொண்டன. ஆக, கோவில்பட்டிக் கரிசல்காட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சம்சாரிகள் பார்த்த மதுரை அரண்மனை, ஐரோப்பாவிலிருந்து பம்பாய் வழியாக வந்து சேர்ந்த அரண்மனை. யாருக்கும் அதில் குறையில்லை. பாட்டு நன்றாக இருந்தால் தூணை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் ஊருக்குப் படம் எழுதும் தொழிலே அப்படி ஒரு நாடகக் கம்பெனியோடுதான் வந்து இறங்கியது. சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனியில் திரை எழுதப் போனார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அப்படி வந்ததுதான். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் என்று அவரிடம் பழகியவர்கள் ஒரு வரிசை. பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். 1950களிலிருந்து தென்னாட்டு வீடுகளின் சுவரில் தொங்கிய மீனாட்சியும் முருகனும் லட்சுமியும் பெரும்பாலும் எங்கள் ஊரில் எழுதி, சிவகாசியில் அச்சாகிப் போனவர்கள். 1976இல் அவர் காலமானார். நான் தூரிகை கழுவப் போனது அதற்குப் பிறகு, அந்த மரபில் வந்த ஒரு பட்டறைக்கு.

அங்கே தெய்வப் படத்துக்கு அடுத்தபடியாக வந்த வேலை போட்டோ ஸ்டுடியோ திரை. காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். வஜ்ரத்தைக் காய்ச்சிச் சாக் பவுடர் கலந்து இரண்டு கை பூச வேண்டும். காய்ந்த பிறகு பொடி வர்ணம். வஜ்ரம் கூடிப்போனால் திரையைச் சுருட்டும்போது வர்ணம் வெடிக்கும்; குறைந்தால் போட்டோ எடுக்க வந்தவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு போகும். இதைக் கற்றுக்கொள்வதற்கே காலம் ஆகும். பனிமலை எழுதுவதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

ஆமாம், பனிமலைதான். கடம்பூர், கழுகுமலை, விளாத்திகுளம் என்று சுற்று வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்கள் கேட்டதெல்லாம் காஷ்மீர் சீன், ஏரி சீன், மாடிப்படி சீன், தாஜ்மகால். மழையே வருஷத்தில் சில வாரம்தான் என்கிற சீமையில் பனியை யார் கண்டார்கள்? பிஸ்கட் டப்பா மூடி, வெளிநாட்டுக் காலண்டர், தபால் அட்டை ஆகியவற்றில் கட்டம் போட்டுப் பெரிதாக்குவோம். பட்டறைக்கு டீ குடிக்க வரும் ஒரு பெரியவர் ராணுவத்தில் இருந்தவர், லடாக் வரை போனவர். ஒருநாள் திரைக்கு முன்னால் நின்று சொன்னார்:

"தம்பி, பனியில நிழல் நீலமா விழுகும்னு போட்டிருக்கியே, அது சரிதான். ஆனா இந்தக் குளத்துல இவ்வளவு தாமரையா? அங்க குளிருல கை வெரலே மரத்துப் போகும்."

மேஸ்திரி தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "தாமரை இல்லாட்டி ஸ்டுடியோக்காரர் எடுக்க மாட்டாரு மாமா."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தத் திரைக்கு முன்னால் நின்று கல்யாணப் படம் எடுத்துக்கொண்ட தம்பதிகள் காஷ்மீர் போய்வந்ததாக யாரையும் நம்பவைக்கவில்லை. எழுதியவனுக்கும் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும், படத்தைப் பார்க்கப்போகிற மாமியாருக்கும் தெரியும். வெயிலில் பருத்தி எடுத்துவிட்டு வந்த பெண் ஒரு நிமிஷம் குளிர்ந்த இடத்தில் நிற்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அந்தக் காஷ்மீரை நிஜக் காஷ்மீரோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை.

சரித்திரம் வேறு. சரித்திரப் படம் 'இப்படித்தான் நடந்தது' என்று சொல்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதினால் பிள்ளைகள் அதையே பாடமாக எடுத்துக்கொள்கின்றன.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கட்டபொம்மன் படம் கேட்டார்கள். எட்டடி அகலம். பின்னால் கோட்டை தெரிய வேண்டும், முன்னால் அவர் வாளோடு நிற்க வேண்டும். எந்த முகம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நடிகர் சிவாஜி கணேசன் முகம்தான். அவர் நடிக்க பி.ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சினிமா 1959 மே மாதம் வெளிவந்தது. கட்டபொம்மனை நேரில் பார்த்து எழுதிய படம் என்று ஒன்றும் நம்மிடம் கிடையாது. அந்த வெற்றிடத்தில் சிவாஜியின் மீசையும் புருவமும் உட்கார்ந்துவிட்டன. இனி எழுப்ப முடியாது. கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட இடத்தில் நிற்கும் சிலையே சிவாஜி சொந்தச் செலவில் இடம் வாங்கி 1970இல் வைத்தது. முகத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. தெரியாத முகத்துக்கு ஏதோ ஒரு முகம் வேண்டும். தமிழர்கள் ஒருமனதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கோட்டையில்தான் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் கோட்டை தெரியாத விஷயம் அல்ல.

சினிமாவின் போர்க் காட்சிகளை ராஜஸ்தானில் எடுத்தார்கள். அதனால் நம் மனதில் இருக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி கருங்கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய உயரமான கோட்டை. 1801இல் நிஜக் கோட்டையை முற்றுகையிட்ட படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி பின்னாளில் தன் நினைவுக் குறிப்பை அச்சிட்டிருக்கிறார். கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அந்தச் சண்டை விரிவாக வருகிறது. வெல்ஷ் கண்ட கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம். முழுக்க மண். கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் மண் என்று அவரே வியக்கிறார். ஒரே வாசல், சிறு சிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. இவ்வளவுதான்.

மண்டபத்துக்காரர் பாதி வேலையில் பார்க்க வந்தார்.

"அண்ணாச்சி, கோட்டையக் காணோமே?"

"இந்தா இருக்குல்லா, அவருக்குப் பின்னால."

"இதா? கம்மாக்கரை மாதிரில்லா இருக்கு."

"கம்மாக்கரை கட்டுன கைதான் அதையும் கட்டுச்சு, அண்ணாச்சி."

அவருக்குத் திருப்தி இல்லை. ராஜா கோட்டை ராஜா கோட்டையாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். அங்கேயே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கதையைச் சொன்னேன். 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மனின் படை கோட்டைக்கு வந்தது. கட்டபொம்மன் வெளியேறினார்; பிடிபட்டு அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்கள் கழித்துக் கம்பெனிப் படை துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தால், இடித்த கோட்டை எழுந்து நிற்கிறது, உள்ளே ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். வந்த படை திரும்பிவிட்டது. மார்ச் 31ஆம் தேதி பீரங்கியால் சுவரை உடைத்துக்கொண்டு ஏறப் பார்த்தார்கள். ஏராளமான ஆட்களைப் பறிகொடுத்துத் தோற்றார்கள். கூடுதல் படை வந்து மே 24ஆம் தேதிதான் பிடிக்க முடிந்தது.

"கருங்கல் கோட்டையா இருந்தா சில நாள்ல எழுப்பியிருக்க முடியுமா அண்ணாச்சி? கல்லை வெட்டி, வண்டியில ஏத்தி... வருஷக்கணக்கு ஆகும். மண்ணுங்கறதாலதான் முடிஞ்சது. பீரங்கிக் குண்டு கல்லுல பட்டா சிதறும். மண்ணுல பட்டா உள்ள போயி உட்கார்ந்துக்கிடும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அந்த ஆளுகளையும் போட்டிருங்க" என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கோட்டைச் சுவரில் மண் சுமக்கும் ஆண்களையும் பெண்களையும் சிறிதாகப் போட்டேன். அவர்கள் ஊமைத்துரை காலத்து ஆட்கள், முன்னால் நிற்பவர் அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்பே இறந்தவர். ஒரே படத்தில் இரண்டு காலத்தையும் காட்டுவது கோயில் சுவர்ச் சித்திரத்தில் பழைய வழக்கம்தான்.

கல்லாக எழுதினால் கெத்தாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. ராஜஸ்தான் கோட்டையைக் கொண்டுவந்து வைத்தால், பீரங்கி வைத்திருந்த படையை மண்சுவரைக் கொண்டு மறித்தார்கள் என்ற செய்தியே படத்திலிருந்து போய்விடுகிறது. கல்கோட்டைக்குள் இருந்து சண்டை போட்டவர்கள் தேசமெங்கும் உண்டு.

மண்ணை முடிவு செய்த பிறகும் கேள்விகள் முடியவில்லை. முள்வேலி என்றால் இந்தக் காலத்தில் கை தானாகச் சீமைக் கருவேலத்தை எழுதும். சுற்றிலும் கண்ணில் படுவது அதுதானே. ஆனால் அது நம் நாட்டுக்கு வந்தது 1870களில். கட்டபொம்மனுக்கு அது தெரியாது. உடைமரமும் நாட்டுக் கருவேலமும் எழுத வேண்டும்: குடை பிடித்தது போன்ற தலை, வெள்ளை முள். கயத்தாறு பக்கம் அடிவானத்தில் நிற்கும் காற்றாலைகளை விட்டுவிடுவது எளிது, அவை புதிது என்று யாருக்கும் தெரியும். பழசு போல இருக்கும் புதுசுதான் ஏமாற்றிவிடும்.

அடுத்தது உடை. இதில் முன்னோடிகள் எப்படி உழைத்தார்கள் என்பதை நினைத்துக்கொள்வேன். 1950 அக்டோபரில் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் படம் எழுதினார். கதைக்காகக் கல்கியோடு இலங்கை வரை போய்ப் பார்த்துவந்தார். சோழர் எப்படி உடுத்தினார்கள், எப்படி முடி கட்டினார்கள் என்று கேட்டால் தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் சோழர் காலச் சுவரோவியம் இருக்கிறது. நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சோழனுக்கு அப்படி ஒரு சாட்சி இருக்கிறது. இருநூறு சொச்சம் வருஷத்துக்கு முந்திய பாளையக்காரருக்கு எங்கே போவது?

ராமநாதபுரத்துக்குப் போகலாம். ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர் முழுக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதி எழுதச் செய்த ஓவியங்கள் இருக்கின்றன: சேதுபதி கொலுவிருப்பது, தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியர்களைச் சந்திப்பது. உடம்பு தெரியும் மெல்லிய துணி, தலையில் உயரமான குல்லாய், கழுத்தும் காதும் நிறைய நகை. சினிமாவில் வருகிற தோள்பட்டை வைத்த ஜிகினா அங்கி எங்கும் இல்லை. இதில் இன்னொரு விசேஷம்: 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், கைகலப்பாகி வெளியேறியதும் இதே ராமலிங்க விலாசத்தில்தான். தமிழ்நாடே வசனமாக மனப்பாடம் செய்த அந்தச் சந்திப்புக்கு இடம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, தூண் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். இருந்தும் அந்தக் காட்சியை எழுதச் சொன்னால் நம் ஆட்கள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தர்பார் தரையைத்தான் எழுதுகிறோம். பார்சிக்காரன் கைப்பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது.

இப்போது என்னிடம் அதிகம் வருகிற வேலை இவை எதுவும் இல்லை. ஊர்ப்படம்தான் வருகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருப்பவர்கள் வீட்டு ஹாலில் மாட்ட 'நம்ம ஊர்' கேட்கிறார்கள். பிறந்த ஊரையே வெளிநாடு மாதிரி தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள். வாட்ஸ்அப்பில் மாதிரியும் வரும்: பச்சை வயல், தென்னந்தோப்பு, கூரை வீடு, மாட்டுவண்டி, கமலைக் கிணறு, குடம் தூக்கிய பெண், பின்னால் நீல மலை.

ஒரு தம்பி, எட்டயபுரம் பக்கத்துக்காரர், டொராண்டோவில் இருப்பவர், இப்படிக் கேட்டார். அவருடைய ஊரை எனக்குத் தெரியும். வயல் கிடையாது. புன்செய்க் காடு: பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய். தென்னை கிடையாது, பனை உண்டு. மலை என்றால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒன்றும் இல்லை. அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் கிணற்றில் பம்புசெட் ஓடியது. வீட்டுத் திண்ணையில் அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, தீப்பெட்டி ஒட்டுறதப் போடட்டுமா?" என்று போனில் கேட்டேன்.

"அது வேண்டாம் மாமா. வீட்டுக்கு வர்றவங்க கேட்பாங்க."

"அப்போ வயல் யாரு ஊரு?"

சிரித்துவிட்டார். "தெரியலையே மாமா. ஆனா அதப் பாத்தாத்தான் ஊரு ஞாபகம் வருது."

நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பச்சை வயல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சிறுவயதில் அவர் வீட்டுச் சுவரில் உரக்கடைக் காலண்டரோ நகைக்கடைக் காலண்டரோ தொங்கியிருக்கும். கரிசல்காட்டு ஓவியர்கள் கரிசல்காட்டில் உட்கார்ந்துகொண்டு தாமிரபரணிக் கரையையும் தஞ்சாவூரையும் கலந்து எழுதிய பச்சை அது. எதிரில் காய்ந்த காடு கிடந்தது. வாங்குகிறவர்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் இப்போது ஏங்குவது ஊருக்காக அல்ல, ஊரில் தொங்கிய படத்துக்காக. ஏக்கம் பொய் இல்லை, விலாசம்தான் மாறிவிட்டது.

ஆனால் தீப்பெட்டியை எடுத்துவிடச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. மழை பொய்த்த வருஷங்களில் இந்தச் சீமையில் அடுப்பெரிய வைத்தது அந்த வேலை. குடம் தூக்கிய பெண்ணை அழகாக எழுதச் சொல்கிறவர்கள் அதே பெண்ணை மருந்து வாசனையோடு உட்கார்ந்து குச்சி அடுக்குகிறவளாகப் பார்க்க விரும்புவதில்லை. ஏக்கம் முதலில் அழிப்பது உழைப்பைத்தான். இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் எழுதியதில் வயல் இல்லை, தென்னை இல்லை. சம்சாரியும் கரிசல் மண்ணும்தான். அதைத் தமிழ்நாடு முழுக்கப் படித்தார்கள். எழுத்தில் ஏற்றுக்கொண்ட கரிசலைச் சுவரில் மாட்ட மட்டும் ஏன் தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

கரிசலை எழுதுவது லேசும் இல்லை. கறுப்பு டியூப்பைப் பிதுக்கிப் பூசினால் தார் ரோடு வரும். பர்ன்ட் அம்பரையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த மண் ஏறக்குறைய கறுப்பு, அதில் ஒரு ஊதா ஓடும். மாசியில் சாம்பல் ஏறிவிடும். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் மட்டும் பழைய கறுப்பு தெரியும். கார்த்திகை, மார்கழியில் இந்தக் காடும் பச்சைதான், நெல்லின் மஞ்சள் பச்சை இல்லை, உளுந்தும் பருத்தியும் தருகிற அடர்ந்த பச்சை. டொராண்டோத் தம்பிக்கு அந்த மார்கழிக் காட்டைத்தான் எழுதி அனுப்பினேன். பனை வைத்தேன், வண்டி வைத்தேன், அவர் ஆசைக்குக் கமலையும் வைத்தேன். அவர் தாத்தா காலத்தில் அது இருந்ததுதானே. திண்ணையில் இரண்டு பெண்கள் குனிந்து ஏதோ வேலை செய்கிறார்கள். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது பிளக்ஸ் கடைகளில் 'கோட்டை' என்று தேடி வருகிற முதல் படத்தைக் கட்டபொம்மன் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. அவர்களிடம் சண்டைக்குப் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்கிறவர்கள் கேட்டால் அவர்களும் மாற்றிக்கொள்வார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் பழைய கோட்டையின் அடித்தளங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் நடந்து பாருங்கள், எத்தனை சிறிய இடம் என்று தெரியும். அதன் பிறகு உங்கள் பள்ளிக்கூடத்துக்கோ மண்டபத்துக்கோ கட்டபொம்மன் படம் எழுதச் சொன்னால், மண்கோட்டையையே கேளுங்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் நாங்கள் வாங்குகிற கூலி ஒன்றுதான்.